‘போதை நீக்கியது’ என்று ஒட்டினேன்

என் அண்ணனுக்கு நான் போதை கொடுத்தேன்.

அவர் கேட்டுக் கொடுக்கவில்லை. வேண்டவே வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன பிறகு, அவருக்குத் தெரியாமல் கொடுத்தேன். ஏதோ ஒரு நாள் கை தவறி நடந்ததல்ல. ஒரு மழைக்காலம் முழுவதும், காலையும் மாலையும், என் கையாலேயே கொடுத்தேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிகிறது. சற்றுப் பொறுங்கள்… முழுவதையும் கேட்டால் இதைவிட மோசமாக நினைக்கவும் உங்களுக்கு இடமிருக்கிறது.

காரைக்காலில், தருமபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாதவன் நான் ஒருவன்தான். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பேன். “இவன மீன் தின்ன மட்டும் வச்சிக்கலாம்” என்று சிரித்துவிட்டு, என்னைப் படிக்க அனுப்பியவர் அண்ணன் கலியபெருமாள். அவர் கடலுக்குப் போய்ச் சம்பாதித்ததில்தான் நான் மருந்தாளுநர் ஆனேன். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் என் பெயர் இருக்கிறது. உண்மையில் அது அவருடையது.

அந்த அண்ணன் ஒரு காலத்தில் மொடாக்குடியர். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பூவம் வந்தாலே மதுக்கடைகள் வரவேற்கும். விடுமுறை நாளில் வெளியூர் வண்டிகள் எதற்காக இங்கே வருகின்றன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடிப்பவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. குடிக்காதவன்தான் பதில் சொல்லியாக வேண்டும்! அப்படிப்பட்ட ஊரில் அண்ணன் குடித்துக் கிடந்தார். மகள் தேன்மொழியின் சடங்கன்று பந்தல் வாசலிலேயே, வந்த உறவு முழுவதும் தாண்டிக்கொண்டு போகும்படி, வேட்டி விலகிக் கிடந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் அப்பாவிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். அந்த மௌனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் சூடத்தை ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, “இனி போதைன்னு எதுவும் இந்த ஒடம்புக்குள்ள போகாது” என்று சத்தியம் செய்தார். சூடம் அடித்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அடித்த பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் புதிது. அண்ணன் காப்பாற்றினார். தேன்மொழி பேசினாள். அவர் பக்கத்தில் நிற்காமல் ஊரில் எவனும் குடியை விடுவதில்லை என்னும் அளவுக்கு அவர் பெயர் வளர்ந்தது. சூடம் அடிக்க வருபவனுக்குப் பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொள்வார். வருபவன் நடுங்கினால், “நானே விட்டுட்டேன், ஒன்னால முடியாதா” என்பார். அவருக்கு வேறு சொத்து இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் சொத்து.

இப்போது தெரிகிறதா, நான் எதில் கை வைத்தேன் என்று?

அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து, கீமோவும் தொடங்கினார்கள். கட்டியைவிடக் கொடுமையாக இருந்தது அந்த மருந்து. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கண்ணை மூடினால் வலி எழுப்பிவிடும். ஆஸ்பத்திரியில் வலிக்கு வீரியமான மாத்திரை கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை போட்டுக்கொண்டு, “கிறுகிறுன்னு வருதுடா, இந்தக் கிறுகிறுப்பு எனக்குத் தெரியும்” என்று மீதியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மருத்துவர்களும் சொன்னார்கள். மனிதர் அசையவில்லை.

அப்போதுதான் கடைக்கு வரும் ஒருவர், ஆயுர்வேத மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். கஞ்சா இலைச் சாற்றிலிருந்து எடுத்த எண்ணெயை முறைப்படி சீட்டு எழுதித் தருகிறாராம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆங்கில மருந்து விற்பவனுக்கு உள்ள திமிர் எனக்கும் உண்டு. கஞ்சாவா… போலீஸ் ஜீப்பில் ஏறுவதற்கா! ஆனால் அண்ணனுடைய கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. திமிரை மடித்து வைத்துவிட்டுப் போனேன்.

அந்த டாக்டரம்மாவை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். மேசைமேல் மூன்று குப்பிகளை வரிசையாக வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். முதலாவது, விதையை ஆட்டி எடுத்தது. சமையலுக்கும் தோலுக்கும் ஆகும். வலிக்கு ஒன்றும் செய்யாது. இணையத்தில் பலர் இதைத்தான் கஞ்சா மருந்து என்று வாங்கி ஏமாறுகிறார்களாம். இரண்டாவது, இலையிலிருந்து ஒரே ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்தது. சிபிடி என்பார்கள். போதை தரும் சத்து இதில் நீக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, முழு இலைச் சாறு. எதையும் பிரிக்காதது. வாந்திக்கும் பசிக்கும் தூக்கத்துக்கும் இதுதான் பலருக்குக் கைகொடுக்கிறது; ஆனால் போதைச் சத்தும் இருக்கிறது, அளவு கூடினால் கிறுகிறுக்கும்.

இவை போக மாத்திரை, தைலம், நெல்லிக்காய் வாசனை போட்ட மிட்டாய்கூட உண்டு என்றார். மிட்டாய் என்றதும் நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். “மீனவருக்கு மிட்டாய் வேண்டாம், விடுங்க” என்று அவரே சிரித்தார். கீமோ மருந்துகளின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். எதோடு எது சேரக்கூடாது என்று நானும் அவரும் வெகுநேரம் பேசினோம். பிறகு மூன்றாவது குப்பியைத் தட்டிக்காட்டி, என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதுவரை நான் யோக்கியன்தான்.

அவர் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த ரெண்டாவத வாங்கிட்டு வா. மூணாவது வேணாம்டா. செத்தாலும் வேணாம். நான் எத்தனை பேரு கையப் புடிச்சிருக்கேன், அவனுங்க மூஞ்சில முழிக்கணும்ல.”

இரண்டாவதையே வாங்கி வந்தேன். தெளிந்த பொன்னிறத்தில், வாசனையே இல்லாமல் இருந்தது. குப்பியின் ஆங்கில எழுத்து அண்ணனுக்குப் புரியாது என்று, டாக்டரம்மா ஒரு சிறிய தாளில் தமிழில் எழுதி ஒட்டித் தந்தார்: ‘போதை நீக்கியது. காலை, மாலை. நாக்கின் அடியில்.’ அண்ணன் அதை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

அது கெட்ட மருந்து என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய படபடப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் வாந்தி நிற்கவில்லை. சோறு இறங்கவில்லை. அடுத்த கீமோவுக்குப் போனபோது, எடை இப்படியே குறைந்தால் சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். நிறுத்தினால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியா அது?

ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். வைத்த கஞ்சி வைத்தபடி இருந்தது. அண்ணி அழுகிற மனுஷி அல்ல. மீன் ஏலக்கூடத்தில் நாலு வியாபாரிகளை ஒரே பேச்சில் அடக்குபவர். அன்றைக்குக் குரலே இல்லாமல் சொன்னார்: “தாங்குறேன் தாங்குறேன்னு சொல்லியே போயிடுவாரு போலருக்கு தம்பி.”

நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அண்ணன் மூன்றாவதற்குச் சம்மதித்துவிட்டார் என்றேன்.

இதுதான் முதல் பொய்!

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தெரிந்துதானே எடுத்துக்கொள்கிறார், தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள் என்று அழுத்திக் கேட்டார். நான் மருந்தாளுநர், எனக்கே சொல்லித் தருகிறீர்களா என்பதுபோல் சிரித்தேன். நம்பிவிட்டார். அந்தக் குப்பியிலும் தமிழில் எழுதி ஒட்டினார்: ‘முழு இலைச் சாறு. கிறுகிறுப்பு வரலாம். படகில் ஏறக்கூடாது.’

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். வெந்நீரில் துணியை நனைத்து, தீர்ந்துபோன பழைய குப்பியிலிருந்து ‘போதை நீக்கியது’ தாளை மெல்ல உரித்தேன். புதுக் குப்பியில் இருந்த தாளையும், அதனடியில் இருந்த ஆங்கில லேபிளையும் உரித்தெறிந்தேன். குப்பியைத் துடைத்து, பழைய தாளை அதன்மேல் ஒட்டினேன். ஓரம் மடங்காமல் நகத்தால் நீவிவிட்டேன்.

ஒரு மருந்துக்கடைக்காரன் இதைச் செய்வது என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா? குப்பிக்குள் இருப்பதை நோயாளி பார்ப்பதில்லை. மேலே எழுதியிருப்பதை நம்பித்தான் வாயைத் திறக்கிறான். அந்த நம்பிக்கையில்தான் என் அடுப்பு எரிகிறது. என் கடையில் வேலை செய்த ஒருவர் ஒருமுறை காலாவதியான மருந்தைத் தெரியாமல் கொடுத்துவிட்டதற்கு எப்படிக் கத்தியிருக்கிறேன் தெரியுமா… தெரியாமல் கொடுத்ததற்கு!

மாலையில் நானே சொட்டுவிட்டேன். “தழை வாசம் அடிக்குதே” என்றார் அண்ணன். எண்ணெய் மாற்றியிருக்கிறார்கள் அண்ணே என்றேன். மறுபேச்சில்லை. நாக்கை மடித்துக் காட்டினார். பள்ளிப் பிள்ளைபோல, நான் சொன்னபடி கேட்டார்.

அடுத்த நாள் அவர் சாப்பிட்டார்.

அந்த ஒரு வரியை எழுதும்போது இப்போதும் என் கை நிற்கிறது. கிழங்கான் மீனை ரசம்போல வைத்த குழம்பு. முதலில் ஒரு கவளம். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது, வெளியே வரவில்லை. இன்னொன்று. பிறகு அவராகவே தட்டை நீட்டினார். தேன்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அண்ணி அங்கேயே நின்று, “முள்ளு பாத்துங்க, முள்ளு பாத்துங்க” என்று முள்ளெடுத்து வைத்த மீனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்து, யாரோ நிறுத்தியிருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நன்றி… அந்த இலைக்கு நன்றி. அதைப் பிழிந்தவர்களுக்கும், மூன்று குப்பிகளை எனக்குப் பொறுமையாக விளக்கிய அந்த அம்மாவுக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் அவர் கையில் நரம்பு தேடித் தேடி ஊசி போட்ட செவிலியருக்கும் நன்றி. இதையெல்லாம் நான் பொய்யாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் காலையில் கடை திறக்கும்போது மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

அவர் தூங்கத் தொடங்கினார். சில மாலைகளில் காரணமில்லாமல் சிரித்தார்; சுழலும் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “கடல் கிட்ட வந்துடுச்சாடா? சத்தம் பக்கத்துல கேக்குது” என்றார். வாடைக் காற்று அடிக்கிறது அண்ணே, அதனால்தான் என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சரி என்று தலையாட்டிக்கொண்டார். அந்தப் பார்வைக்கு அப்போது நான் அர்த்தம் தேடவில்லை. பிழைத்துக்கொண்டிருக்கிறார் என்கிற பூரிப்பில் இருந்தேன்.

கீமோ முடிந்தது. சொட்டைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். பரிசோதனையில் கட்டி இல்லை என்றார்கள். பொங்கலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “ஒரு சொட்டு போதை இல்லாம தாங்கினேன்.”

நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன். நல்ல பொய், நல்லபடியாக முடிந்தது என்று மனதின் அடியில் போட்டு மூடியிருப்பேன். எனக்கு அவ்வளவு நேர்மை கிடையாது.

ஜமால் நானா என்று அண்ணனுக்கு ஒரு கூட்டாளி; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, படகு இன்ஜினுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஐந்து வேளை தொழுகிற மனிதர். அவருக்கு முதுகிலும் விலாவிலும் அக்கி வந்தது. கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகும் நரம்பு வலி போகவில்லை. சட்டை உரசினால் துடிப்பார். வேட்டியை மட்டும் கட்டிக்கொண்டு, கடைக்கு உள்ளே திரை போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைக் கையோடு என்னிடம் அழைத்து வந்தார். போதை நீக்கிய எண்ணெய் இருக்கிறது நானா, அதிலேயே நான் எழுந்து உட்கார்ந்தேன், உங்களுக்கென்ன என்றார்.

டாக்டரம்மா அவருக்கும் எல்லாவற்றையும் விளக்கினாராம். அவர் யோசிக்கவே இல்லை, இரண்டாவதை வாங்கிவிட்டார். வலி அசையவில்லை. மூன்றாவதைப் பார்க்கலாமா என்று டாக்டரம்மா கேட்டபோதும் மறுத்துவிட்டார். எதற்காக மறுத்தேன் என்று அவரே என்னிடம் சொன்னார்: ஒரு குடிகாரராக இருந்த மனிதரே போதை தொடாமல் தாங்கியிருக்கிறார், தொழுகிற நான் தாங்கமாட்டேனா?

அவர் அதைச் சொன்னபோது முழங்கையை விலாவிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். என் பொய் இன்னொருவர் உடம்பில் ஏறி உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அவரிடம் சொல்லிவிட்டேன். கடைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, லேபிளை உரித்தது வரை சொன்னேன்.

நானா கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த உதிரிபாகம் ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, “நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்க தம்பி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் அவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். வேறு வழியில்லாத நோய்க்கு, மருத்துவர் சொல்லும் அளவில், மருந்தாக எடுத்துக்கொள்வதில் தடையில்லை என்று பதில் வந்ததாம். இரண்டு நாள் தனியாக யோசித்தார். பிறகு அவராகவே போய், மூன்றாவது குப்பியை வாங்கி, பிஸ்மி சொல்லிக் குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டை போட முடிந்தது. நேராக என் கடைக்குத்தான் அந்தச் சட்டையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. “உள்ளதச் சொன்னீங்க, நான் யோசிச்சு எடுத்துக்கிட்டேன். அதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி குடுப்பான்” என்றார்.

நான் கூலிக்கு உரியவன்தானா? அவருக்குச் சொன்னேன். அவருக்கு ஒரு கதவு திறந்தது. உள்ளே போவதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்தார். என் அண்ணனுக்கு அந்தக் கதவு இருப்பதையே நான் காட்டவில்லை. இல்லை, காட்டினேன், அவர் மாட்டேன் என்றார்… அப்படியானால் அவர் மாட்டேன் என்றதை நான் என்ன செய்தேன்?

நானா எதையும் மறைப்பவரல்ல. மூன்றாவது எண்ணெயைத்தான் எடுக்கிறேன் என்று அண்ணனிடமே சொல்லியிருக்கிறார். ஒரு நாள் துறைமுகப் பக்கம் டீக்கடையில் நாங்கள் மூவரும் இருந்தபோது, அண்ணன் கேலியாக, “என்ன நானா, ஒரு மழைக்காலம் ஒங்களால தாங்க முடியல. நான் தாங்குனேனே” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜமால் நானா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, நீங்க கடல்காரர், உங்க உடம்பு வேற என்று தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் நானா என் வண்டியை நிறுத்தச் சொன்னார். “அவருகிட்ட சொல்லிடுங்க தம்பி. ஒங்களுக்காக ஒரு தடவை தலையக் குனிஞ்சிட்டேன். தெனமும் என்னால முடியாது.”

சொல்வதென்று முடிவு செய்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் அது உண்மை.

மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையேறி நின்றன. அண்ணன் தன் படகின் அடிப்பக்கத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். பழைய உடம்பு திரும்பியிருந்தது. நான் பக்கத்தில் போய், ஒன்று சொல்ல வேண்டும் அண்ணே என்றேன். அவர் தூரிகையை டப்பாவின் மேல் வைத்தார். நானும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், முதலில் நான் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தைரியம் போய்விடும் என்றார்.

பிழைத்து எழுந்த பிறகு அவர் சூடம் அடிக்கும் இடத்துக்குப் போவதை விட்டுவிட்டார். யார் கூப்பிட்டாலும் ஒரு சாக்குச் சொல்வார். உடம்பு தேறவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். காரணத்தை அன்றைக்குச் சொன்னார்.

“அந்த எண்ணெய் குடிச்சேன்ல… குடிச்சு கொஞ்ச நேரத்துல ஒரு சொகம் வரும்டா. எனக்குத் தெரியாத சொகமா அது? அதுக்காகத்தான அத்தனை வருஷம் கடை வாசல்ல கெடந்தேன். பயந்துட்டேன். பாட்டில எடுத்துப் பாத்தேன், போதை நீக்கியதுன்னு இருந்துச்சு. ஒன்னயும் கேட்டேன், வாடைக்காத்துன்ன. அப்பதான் புரிஞ்சுது. எண்ணெயில ஒண்ணும் இல்ல. என் புத்தியிலதான் இன்னும் குடி இருக்கு. பச்சத் தண்ணியக் குடுத்தாலும் இந்தக் கழுத அதச் சாராயமா மாத்திக்கும்.”

நான் படகைப் பிடித்துக்கொண்டேன். வண்ணம் கையில் ஒட்டியது.

“சாயங்காலம் ஆனா நீ எப்ப வருவேன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பேன்டா. எண்ணெய்க்காக. வெளியில தாங்குனேன் தாங்குனேன்னு சொல்றேன், உள்ள இதான் நடந்துச்சு. இந்த மனச வச்சிக்கிட்டு இன்னொருத்தன் கைய எப்புடிப் புடிக்கிறது?”

அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. சொல்லிவிட்டோம் என்ற நிம்மதிதான் முகத்தில் இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, தேன்மொழிக்குத் தெரியக்கூடாது என்றார். பிறகு, நீ என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம்தான். ‘உங்கள் புத்தி சுத்தமாகத்தான் இருக்கிறது அண்ணே, அசுத்தம் நான் ஊற்றியது.’ இவ்வளவு சொன்னால் போதும், அவர் தன்மேல் வைத்த பழி இறங்கிவிடும். ஆனால் அதே வாக்கியம் அவருடைய சத்தியத்தை உடைத்துவிடும். ஊரெல்லாம் சொன்ன பெருமையைப் பொய்யாக்கிவிடும். எது அவருக்கு நல்லது என்று அந்த நொடியில் நான் எடைபோட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான்.

அப்படி இல்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை இனி கிடைக்காது என்று பயந்தேன். அவ்வளவுதான். பயம்!

“ஒண்ணுமில்லண்ணே. சத்து மாத்திரை தீந்துடுச்சான்னு கேக்க வந்தேன்.”

அவர் என் தோளில் கை வைத்தார். “ஒன்ன நம்பித்தான்டா வாயத் தொறந்தேன். அதான் பொழச்சேன்” என்றார். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் குனிந்தார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அவரைப் பார்க்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறார். கடலுக்குப் போகிறார். போன ஆவணியில் தேன்மொழிக்குக் கல்யாணம் நடந்தது. மணமேடையில் நிமிர்ந்து உட்கார்ந்து தாரை வார்த்தார். அந்தக் காட்சிக்கு நான் கடவுளுக்குச் சொன்ன நன்றியில் ஒரு துளிப் பொய் இல்லை. மறுபடியும் அந்த மத்தியானமும் அந்தக் கஞ்சிக் கிண்ணமும் வந்தால் என்ன செய்வேன்? தெரியவில்லை. அதே குப்பியைத்தான் எடுப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

ஜமால் நானா இப்போதும் கடைக்கு வருகிறார். முதலில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பார். பிறகு முகத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்போது அதுவும் இல்லை. மருந்தை வாங்கிக்கொண்டு சலாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை அண்ணன் வீட்டில் இருந்தேன். குடியை விடப்போகிறேன் என்று ஒருவன் மனைவியோடு வந்து, பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அண்ணனைக் கெஞ்சினான். அண்ணன் அவனை உட்காரவைத்து டீ கொடுத்தார், தைரியம் சொன்னார், ஆனால் வரமாட்டேன் என்றார். “எனக்கு அந்தத் தகுதி இல்லப்பா.” அவர்கள் போகும்போது அந்தப் பெண் வாசலில் நின்று, எவ்வளவு அடக்கமான மனுஷன் பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

ஆமாம் என்றேன்.